வாங்குவது எளிது, வைத்திருப்பது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

உலகில் எந்தப் பொருளுக்கும் இரண்டு விலை உண்டு. ஒன்று, அதை நம் கைக்குக் கொண்டுவரக் கொடுக்கும் விலை. மற்றொன்று, அது நம் கையைவிட்டுப் போகாமல் வைத்திருக்கக் கொடுக்கும் விலை. முதல் விலையை விற்பவரே சொல்லிவிடுவார். இரண்டாம் விலையை எவரும் சொல்வதில்லை. அது நாம் எதிர்பாராத ஒரு நாளில் வந்து கதவைத் தட்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவதா என்று நம் ஊரில் கேலி செய்வார்கள். அங்குசம்கூடப் பரவாயில்லை, ஒருமுறை வாங்கினால் போதும். தீனி அப்படியா? அதை நாள்தோறும் போட வேண்டுமே!

இந்த உண்மையை எனக்குக் கற்றுத் தந்தது பொருளாதாரப் பாடநூல் அன்று. இங்கிலாந்தில் விலைக்கு நின்ற ஒரு பழைய ஜாகுவார் கார். நகரப் பேருந்தில் படியில் தொற்றிக்கொண்டு கல்லூரிக்கு வருகிறவன் ஜாகுவாரைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரிக்குமுன் முழுவதையும் படித்துவிடுங்கள்.

என் பெரியப்பாவின் மகன், நான் அண்ணன் என்று அழைப்பவர், செவிலியர் படிப்பு முடித்து இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து மருத்துவமனை ஒன்றில் பணியாற்றுகிறார். என் தந்தையார் எங்கள் ஊர் பைபாஸ் சாலையோரம் ஒரு சிறிய கார்ப் பட்டறை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அம்பாசடரில் தொழில் பழகியவர். பள்ளி விடுமுறை நாட்களில் அண்ணன் அந்தப் பட்டறையிலேதான் கிடப்பார். பட்டறைச் சுவரில் உதிரிப் பாகக் கடை ஒன்று கொடுத்த நாட்காட்டி தொங்கியது. அதில் நீண்ட மூக்கும் தாழ்ந்த கூரையுமாக ஒரு பச்சை நிறக் கார். ஆண்டு முடிந்து, தேதித் தாள்கள் எல்லாம் கிழிந்து போன பிறகும் அந்தப் படத்தை மட்டும் எடுக்க அண்ணன் விடவில்லை. அது ஜாகுவார் எக்ஸ்.ஜே.எஸ். என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

கடந்த ஆண்டு ஓர் இரவு அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. "சித்தப்பா, அந்த நாட்காட்டி வண்டி இங்கே விலைக்கு வந்திருக்கு. வாங்கலாமா?" என்றார்.

காரின் வரலாறு

கார்களில் பல சாதி உண்டு. வேகத்துக்காகவே பிறந்தவை சில. குடும்பம் ஏறிப் போகப் பிறந்தவை பல. இவ்விரண்டுக்கும் இடையே 'கிராண்ட் டூரிங்' என்றொரு வகை. நெடுந்தொலைவை மிகு வேகத்தில், களைப்பில்லாமல் கடப்பது அதன் நோக்கம். இரண்டே கதவு, முன்னே இருவர் சாய்ந்து அமரத் தோல் இருக்கை, பின்னே குழந்தைகள் மட்டுமே அமரக்கூடிய இடம், பெட்டி வைக்கத் தாராளமான டிக்கி. காலையில் லண்டனில் புறப்பட்டு, கடலைக் கடந்து, பிரான்ஸ் நாட்டின் தென்கோடிக்குப் போய்ச் சேரும் செல்வந்தரை மனத்தில் வைத்துச் செய்த வண்டி அது.

ஜாகுவாரை உருவாக்கியவர் வில்லியம் லயன்ஸ். 1922-இல் பிளாக்பூல் நகரில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவண்டி செய்யத் தொடங்கி, 1928-இல் கோவென்ட்ரிக்கு வந்து, 1935-இல் தம் காருக்கு ஜாகுவார் என்று பெயர் சூட்டினார். அவர் 1972-இல் ஓய்வு பெற்றார். எக்ஸ்.ஜே.எஸ். வண்டிக்கு முதல் வடிவம் கொடுத்த மால்கம் சேயர், விமானத் தொழிலிலிருந்து கார்த் தொழிலுக்கு வந்தவர்; காற்றை எப்படிக் கிழித்துச் செல்வது என்பதைக் கணக்குப் போட்டு உருவம் வரைந்தவர். ஆனால், 1970-லேயே அவர் மறைந்துவிட்டார். அவர் கோடு போட்ட கார் 1975 செப்டம்பரில்தான் வெளிவந்தது.

அது வந்த வேளையும் நல்ல வேளையாக இல்லை. 1973-இல் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியிருந்தது. இந்த வண்டிக்கோ பன்னிரண்டு சிலிண்டர். 5,343 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓடினாலே பெரிது! அதே 1975-இல் தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் நொடித்து, அரசுடைமை ஆயிற்று. லேலண்ட் என்ற பெயர் நமக்குப் புதிதன்று. எண்ணூரில் செய்யப்படும் அசோக் லேலண்ட் லாரியின் பெயரில் இருப்பதும் அதே லேலண்ட்தான். 1984-இல் ஜாகுவார் மீண்டும் தனியார் கைக்கு வந்தது. 1989-இல் அமெரிக்காவின் ஃபோர்டு விலைக்கு வாங்கியது. 2008-இல் நம் டாட்டா நிறுவனம் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து 230 கோடி டாலருக்கு வாங்கியது. ஆண்டவர்கள் நாட்டின் பெருமைக்குரிய வண்டி, ஆளப்பட்டவர்கள் கைக்கு வந்த வரலாறு இது.

இத்தனை கைமாறுதலுக்கு இடையிலும் எக்ஸ்.ஜே.எஸ். 1996 வரை 21 ஆண்டுகள் செய்யப்பட்டது. மொத்தம் 1,15,000-க்கும் மேல் செய்தார்கள். அவை கோவென்ட்ரியின் பிரவுன்ஸ் லேன் ஆலையில் பூட்டப்பட்டவை. 2005-இல் அங்கே கார் பூட்டும் வேலை நின்றுபோயிற்று. அண்ணன் பணிபுரியும் அதே நகரம்!

வீட்டில் எழுந்த புயல்

செய்தி மறுநாளே பெரியப்பா காதுக்கு எட்டியது. அவர் நேரே பட்டறைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, அவன் படிப்புக்கு வாங்கின கடன் போன ஆவணியிலேதான் அடைஞ்சுது. அதுக்குள்ளே அவனுக்கு மகாராஜா கார் கேக்குதா? நீ சொன்னாத்தான் கேப்பான். வேண்டாம்னு சொல்லு" என்றார்.

தந்தையார் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சொல்றேண்ணே. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். பெரியப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தும் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அன்று இரவு அண்ணன் மீண்டும் அழைத்தபோது தந்தையார் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாங்கு என்றும் சொல்லவில்லை. "எவ்வளவு பணம் வெச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டார். பதினோராயிரம் பவுண்டு சேர்த்திருப்பதாக அண்ணன் சொன்னார். நம் கணக்கில் ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் ரூபாய்! வீட்டுக்கு அனுப்பியது போக, மூன்றாண்டு இரவுப் பணி பார்த்துச் சேர்த்த பணம். பின்பு தயங்கித் தயங்கி அவர் சொன்னார்: "வந்ததிலேர்ந்து எனக்குன்னு ஒண்ணும் வாங்கலே சித்தப்பா. இது ஒண்ணுதான் ஆசை."

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அழகான பொருளின்மேல் ஆசை வரலாகாதா? கடனை அடைப்பதற்கும் தங்கையைக் கரையேற்றுவதற்கும் மட்டுமே நாம் சம்பாதிக்க வேண்டுமா? அல்லது, பெரியப்பா சொன்னதுபோல, ஆசை என்ற பெயரில் மறுபடியும் ஒரு கடனை வீட்டுக்குள் அழைக்கிறோமா? இந்தக் கேள்விகள் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. தந்தையார் மட்டும் கலங்கவில்லை. "ஆசையைப் பத்தி நாம பேச வேண்டாம். வண்டியைப் பத்திப் பேசுவோம். விளம்பரத்தைப் படிடா" என்றார்.

விலை ஏன் சரிந்தது?

விளம்பரத்தில் இருந்தது 1988-இல் செய்த பன்னிரண்டு சிலிண்டர் வண்டி. விலை 6,500 பவுண்டு. எனக்கு ஒரே வியப்பு. 1975-இல் இந்தக் கார் வெளிவந்தபோதே இதன் விலை 8,900 பவுண்டு. அன்றைய பவுண்டு இன்றைய பவுண்டைப் போலப் பல மடங்கு மதிப்புடையது. அப்படியிருக்க, இன்று ஒரு புதிய சிறு கார் விலைக்கும் குறைவாக இது கிடைப்பானேன்?

"மலிவா வர்ற பெரிய வண்டிக்கு ஒரே காரணம்தான்" என்றார் தந்தையார். "வாங்கறதுக்கு ஆள் இல்லாம இல்லே, வெச்சுக்கறதுக்கு ஆள் இல்லே."

எண்ணிப் பார்த்தால் இதற்குள் பெரிய பொருளாதாரமே அடங்கியிருக்கிறது. கார் பழையதாக ஆக, அதன் விற்பனை விலை இறங்குகிறது. ஆனால், அதன் உதிரிப் பாகங்களின் விலை அதனோடு சேர்ந்து இறங்குவதில்லை. பழுது பார்ப்பவரின் மணிக்கூலி இறங்குவதில்லை. அது குடிக்கும் பெட்ரோல் இறங்குவதில்லை. ஏறத்தாழ 90 லிட்டர் கொள்ளும் டேங்க் வண்டி பழசானதால் சிறிதாகிவிடுமா? பணக்காரர் ஒருவருக்காகச் செய்த வண்டி, எத்தனை கை மாறினாலும் பணக்காரச் செலவையே கேட்கிறது. பத்தாயிரம் சம்பளக்காரன் ஜமீன்தார் வீட்டுக் குதிரையை ஏலத்தில் எடுத்தால், குதிரை அவனுக்காகக் கொள்ளைக் குறைத்துக்கொள்ளுமா?

அதற்குமேல் அந்நாட்டுச் சட்டங்களும் உண்டு. பர்மிங்ஹாம் நகர மையத்துக்குள் இத்தகைய பழைய பெட்ரோல் வண்டி நுழைந்தால், 2021 ஜூன் முதல் நாளொன்றுக்கு 8 பவுண்டு கட்ட வேண்டும். ஆண்டுதோறும் வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். நாற்பது ஆண்டு கடந்த வண்டிக்குத்தான் அதிலிருந்து விலக்கு.

நலம் விசாரித்த விதம்

அந்தச் சோதனைக்கு எம்.ஓ.டி. என்று பெயர். நம் ஊரில் லாரிக்கும் பேருந்துக்கும் எஃப்.சி. பார்ப்பது போன்றது. இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வண்டியின் பதிவு எண்ணைக் கொடுத்தால், 2005 முதல் அந்த வண்டி சோதனையில் தேறியதா, தவறியதா, ஏன் தவறியது, அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதையெல்லாம் அரசே கணினியில் காட்டிவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணமில்லை. எங்கள் பட்டறை மேசையில், கிரீஸ் டப்பாவுக்கும் ஸ்பேனருக்கும் நடுவே கைப்பேசியை வைத்துக்கொண்டு, கோவென்ட்ரி வண்டியின் ஜாதகத்தை நாங்கள் படித்தோம்!

நான் வரிவரியாகத் தமிழாக்கிச் சொன்னேன். நான்கு ஆண்டுகள் தொடர்ந்து, கதவுக்குக் கீழேயுள்ள அடிச்சட்டத்தில் துரு என்று எழுதியிருந்தது. ஐந்தாம் ஆண்டு அந்தக் குறிப்பைக் காணோம். "துரு தானா மறையாது. பட்டி பூசிப் பெயிண்ட் அடிச்சிருப்பான்" என்றார் தந்தையார். பத்தாண்டுகளில் வண்டி மொத்தம் தொள்ளாயிரம் மைல்தான் ஓடியிருந்தது. குறைவாக ஓடியது நல்லதுதானே என்று நான் கேட்டேன். "ஓடின வண்டி தேயும், ஓடாத வண்டி அழுகும். ரப்பர் வெடிச்சிருக்கும், டேங்க் துருப்பிடிச்சிருக்கும், ரேடியேட்டர் அடைச்சிருக்கும்" என்றார்.

எஞ்சினைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்குப் பெருவியப்பு. அந்தப் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் அலுமினியத்தால் ஆனது. உள்ளே சிலிண்டர்க் குழல்கள் இரும்பு. ஒரு மீட்டர் நீள அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் நீளும். இரும்போ அதில் பாதியளவுதான் நீளும். இது எனக்குப் பாடத்தில் படித்த எண். தந்தையாருக்கு எண் தெரியாது. "ரெண்டும் ஒண்ணா வீங்காதுடா. ஒருதரம் தண்ணி இல்லாமக் கொதிச்சா ஹெட் கேஸ்கெட் போயிடும்" என்பது தெரியும். வெப்ப விரிவுக் கெழுவைத் தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். அதைக் கைவிரலால் தொட்டு அறிந்தவர் அவர். குளிர்நீரில் துருத்தடுப்பு மருந்து கலக்காமல் ஓட்டினால் அலுமினியம் அரித்து, அந்தத் துகளே ரேடியேட்டரை அடைக்கும் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

பின்சக்கர பிரேக்கிலும் ஒரு விசேஷம். மற்றக் கார்களில் பிரேக் வட்டு சக்கரத்தோடு இருக்கும். இந்த வகையில் 1990-களின் தொடக்கம் வரை அது வண்டியின் நடுவே, டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும். ஏறத்தாழ ஒன்றே முக்கால் டன் வண்டி மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட எட்டு லட்சம் ஜூல். நிறுத்தினால் அத்தனையும் வெப்பம்! பின்பிரேக்கின் பங்கு, பக்கத்திலுள்ள டிஃபரன்ஷியலின் ஆயில் சீலைத் தீய்க்கும். சீல் போனால் ஆயில் கசிந்து பிரேக் வட்டிலேயே விழும். வட்டை மாற்ற வேண்டுமானால், பெரும்பாலும் பின் அமைப்பு முழுவதையும் கீழே இறக்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும். படத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் தந்தையார் சொன்னார்: "இதைச் செஞ்சவன் ஓட்டறவனை நெனச்சான். ரிப்பேர் பாக்கறவனை நெனக்கலே."

முதல் வண்டி

மறுவாரம் அண்ணன் விடுப்பு நாளில் வியாபாரியிடம் போனார். போகுமுன் தந்தையார் சில கட்டளைகள் இட்டார். அவற்றை நண்பர்களின் பயனுக்காக இங்கே எழுதுகிறேன். எந்தப் பழைய வண்டிக்கும் பொருந்தும்.

முதலாவது, போனவுடன் எஞ்சின் மூடிமேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருமுன்னே ஓட்டிவைத்திருக்கிறான் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். இரண்டாவது, ஆயில் மூடியைத் திறந்து உட்புறம் பார்க்க வேண்டும். வெண்ணெய் போல ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. மூன்றாவது, ஒரு காந்தத் துண்டைக் கைக்குட்டையில் சுற்றி அடிச்சட்டத்தின்மேல் நகர்த்த வேண்டும். இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. நான்காவது, டார்ச் விளக்கோடு கீழே படுத்து, டிஃபரன்ஷியல் பக்கம் ஈரம் உண்டா என்று பார்க்க வேண்டும். ஐந்தாவது, நின்ற இடத்தில் இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, வெப்பமானியின் முள்ளைக் கவனிக்க வேண்டும். ஆறாவது, விற்பவர் அவசரப்படுத்தினால் வந்துவிட வேண்டும்.

எங்களுக்கு இரவு, அங்கே பிற்பகல். அண்ணன் கைப்பேசியில் காட்ட, நாங்கள் பட்டறையில் அமர்ந்து பார்த்தோம். நாட்காட்டியில் கண்ட அதே பச்சை. முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. உள்ளே தோல் இருக்கை, பளபளக்கும் மரப்பலகை. அண்ணன் குரலே மாறிவிட்டது. "சித்தப்பா, எவ்வளவு அழகா இருக்கு பாருங்க!" என்றார்.

"அழகு இருக்கட்டும். கையை வை" என்றார் தந்தையார்.

எஞ்சின் மூடி சூடாக இருந்தது.

காந்தம் முன்சக்கரத்தின் பின்னே ஒட்டியது. கதவின் கீழே பாதி தூரம் ஒட்டியது. பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னே வழுக்கி விழுந்தது. மறுபக்கமும் அதே இடத்தில் வழுக்கியது. பின் அச்சைத் தாங்கும் கை உடலோடு இணைகிற இடம் அது. அங்கே இரும்பு போனால் அழகு மட்டுமா போகும்? ஓடவிட்ட பதினைந்தாம் நிமிடம் வெப்பமானி முள் சிவப்பை நோக்கி ஏறத் தொடங்கியது. வியாபாரி சிரித்துக்கொண்டே, இந்த வண்டிகளின் குணமே அப்படித்தான் என்றாராம். இன்னொருவர் மாலையில் பணத்தோடு வருகிறார் என்றும் சொன்னாராம்.

தந்தையார் உரக்கப் பேசவில்லை. "தம்பி, அவருக்கு நன்றி சொல்லிட்டு வந்துடு" என்றார். அண்ணன் வண்டியை விட்டு விலகும்போது கைப்பேசியில் தெரிந்த அவர் முகத்தை என்னால் மறக்க முடியாது. திருவிழாவில் கேட்ட பொம்மை கிடைக்காமல் திரும்பும் குழந்தையின் முகம் அது. அந்த நாட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிர்களைக் காத்து நிற்கும் ஒருவரின் முகம் என்றால் நம்ப முடியாது.

இரண்டாம் வண்டி

நான்கு மாதம் கழிந்தது. இதற்குள் பத்துப் பன்னிரண்டு வண்டிகளின் ஜாதகத்தை நாங்கள் படித்துத் தள்ளினோம். பட்டறை மூடியபின் தந்தையாரும் நானும் எதிரெதிரே அமர்ந்து இந்த ஆராய்ச்சி செய்வது வழக்கமாகிவிட்டது. நான் சிறுவனாக இருந்த காலத்திலிருந்தே அவர் என்னைப் பட்டறைக்குள் விடமாட்டார். "நீ படிக்கிறவன். உன் கையிலே கறை படக்கூடாது" என்பார். இப்போது அவருக்கு என் ஆங்கிலம் வேண்டியிருந்தது. என் ஆங்கிலத்துக்குப் பொருள் சொல்ல அவர் வேண்டியிருந்தது. 'சில்', 'புஷ்', 'டிராக் ராட்' என்று நான் படிக்கும் வறட்டுச் சொற்கள் அவர் வாயில் நுழைந்தவுடன் இரும்பாகவும் ரப்பராகவும் உயிர்பெற்று எழும்.

தம் ஆசிரியரைப் பற்றியும் அப்போதுதான் சொன்னார். அவருக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் கைதேர்ந்தவராம். சென்னைக்கு அருகே வண்டலூரில் செய்யப்பட்ட அந்தக் காரின் தாயகம் எது தெரியுமா? கோவென்ட்ரிதான்! ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அந்த நகரத்தது. ஜாகுவாரின் தொடக்க காலக் கார்களுக்கு எஞ்சின் கொடுத்ததும் அந்த ஸ்டாண்டர்டுதான். ஆக, பெயர்கூடத் தெரியாத அந்தப் பழைய மெக்கானிக்கின் வழியாக, கோவென்ட்ரியின் வித்தை எங்கள் பைபாஸ் சாலைக்கு எப்போதோ வந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டாவது வண்டி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருடையது. 1992-இல் செய்தது, பன்னிரண்டு அன்று, ஆறு சிலிண்டர், நான்கு லிட்டர். நிறமும் பச்சை அன்று, வெளிறிய சாம்பல். முன்கண்ணாடிக்குக் கீழே பெயிண்ட் உப்பியிருந்தது. ஓட்டுநர் இருக்கைத் தோல் கிழிந்திருந்தது. விலையோ 8,750 பவுண்டு! அழகான வண்டி 6,500. அழகில்லாத வண்டி 8,750. இது என்ன நியாயம் என்று நான் கேட்டேன்.

ஆனால், அந்த ஆசிரியர் ஒரு பெட்டி நிறைய ரசீது வைத்திருந்தார். 1998 முதல் போட்ட ஒவ்வோர் ஆயிலுக்கும் ரசீது. ரேடியேட்டர் மாற்றியது, பின்பிரேக் முழுவதும் இறக்கிச் செய்தது, அடிச்சட்டத்தை வெட்டிப் புது இரும்பு வைத்துப் பற்றவைத்தது, பற்றவைக்குமுன்னும் பின்னும் எடுத்த புகைப்படம், எல்லாம் இருந்தன. எஞ்சின் குளிர்ந்திருந்தது. காந்தம் எங்கும் வழுக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் ஓடியும் முள் நடுவிலிருந்து நகரவில்லை. ஆண்டுக்கு மூவாயிரம் மைலுக்குக் குறையாமல் ஓடியிருப்பதைச் சோதனைப் பதிவும் சொல்லிற்று.

தந்தையார் ரசீதுகளை எல்லாம் கூட்டச் சொன்னார். கூட்டினேன். வண்டியின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தது! "பாத்தியா? இந்த வண்டிக்குத் தீனி போட்டவரு அவரு. அந்த வண்டிக்குப் பவுடர் பூசியிருந்தாங்க" என்றார். பிறகு அண்ணனிடம் மூன்று சொன்னார். "வண்டிக்கு எவ்வளவு குடுக்கிறியோ, அதிலே மூணுலே ஒரு பங்கு கையிலே வெச்சுக்கோ, அதுவும் வண்டி விலைதான். வேலைக்குப் போக இதை நம்பாதே, பஸ்ஸிலே போ. உங்கப்பாகிட்டே நீயே சொல்லு, நான் சொல்லமாட்டேன்."

பேசி முடித்து 8,200 பவுண்டுக்கு வாங்கினார் அண்ணன். மீதி 2,800-ஐ வங்கியிலேயே விட்டுவைத்தார். பதிவுச் சான்று உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று அந்நாட்டுச் சான்றிலேயே அச்சிட்டிருப்பதால், விற்பனை ரசீதும் தனியே எழுதி வாங்கிக்கொண்டார். முதல் ஆறு மாதத்தில் அந்த 2,800-இல் 900 கரைந்துவிட்டது. அண்ணன் அதற்காகக் கலங்கவில்லை. கரையும் என்று முன்பே தெரிந்த பணம் அல்லவா?

பெரியப்பாவின் மனம் இன்னும் முழுமையாகத் தேறவில்லை. காரைப் பற்றிய பேச்சு வந்தால் வயலைப் பற்றிப் பேசுவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வட்டி கட்டிய வீட்டில் அழகுக்கு இடம் தருவது எளிதன்று.

நமக்கும் இதில் ஒன்று உண்டு

நண்பர்களே! இந்தக் கதையில் நமக்கென்ன என்று கேட்கலாம். நம் கல்லூரி அரசுக் கல்லூரி. கட்டணம் குறைவு. வெளியே இலட்சங்கள் கேட்கிற படிப்பு நமக்குச் சில ஆயிரங்களில் கிடைக்கிறது. என் சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்த நாளில் ஊரார், "பரவாயில்லையே, சல்லிசாக முடிந்துவிட்டதே!" என்றார்கள். அது வாங்கிய விலை. வைத்திருக்கும் விலை வேறு. ஆய்வகப் பதிவேடு, தேர்வுக் கட்டணம், பேருந்து, மதியச் சாப்பாடு, நான் சம்பாதித்திருக்கக்கூடிய மூன்று ஆண்டுக் கூலி. இவை எந்த விண்ணப்பப் படிவத்திலும் அச்சிடப்படவில்லை. என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் இன்று வகுப்பில் இல்லை. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். சேர்ந்தார்கள், தொடர வழியில்லை.

எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். இந்த இரண்டாண்டாக என் படிப்புக்கு எவ்வளவு ஆயிற்று என்று தந்தையார் ஒருநாளும் கணக்குச் சொன்னதில்லை. அந்த ஆசிரியரின் ரசீதுகளைக் கூட்டிய இரவில்தான், எனக்கும் ஒரு பெட்டி ரசீது எங்கோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்பது புரிந்தது. அதைக் கூட்டிப் பார்க்கும்படி அவர் என்னிடம் என்றும் கேட்கமாட்டார்.

ஆசைப்படுவோம், தவறில்லை. ஆனால், விலை கேட்கும்போது இரண்டு விலையையும் கேட்போம். பளபளப்பைப் பார்க்குமுன் எஞ்சின்மேல் கை வைப்போம். நமக்காக ஒருவர் நாள்தோறும் தீனி போட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கையில் படிந்த கறை எதனுடையது என்பதையும் அறிந்துகொள்வோம்.